அறுபத்தேழாம் நம்பர் டோக்கன்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் சொல்வார், எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவர் சொல்வார், தொழிற்சாலையில் என் லைனில் தைக்கிற பெண்கள் அத்தனை பேரும் கோரஸாகச் சொல்வார்கள்.

மைசூரில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்குச் செக்கர் வேலை. தைத்து முடித்த சட்டைகள் என் மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டி, கைக்குழியில் நூல் விட்டிருக்கிறதா, காலர் ஒருபக்கம் இழுக்கிறதா, பொத்தான் ஓட்டை சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல வருடமாக இதையே செய்கிறவளுக்கு, வெளியே பார்க்க லட்சணமாக இருக்கிற சட்டையைக் கண்டால்தான் முதலில் கை பரபரக்கும். அந்தப் பழக்கத்தை சாயங்காலம் தொழிற்சாலை வாசலிலேயே விட்டுவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. ஆட்டோக்காரர் "முன்னாடி ரோடு க்ளோஸ் மேடம்" என்றால், இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சுற்றுவழிக்குச் சம்மதிப்பேன். மார்க்கெட்டில் கடைக்காரர் தானாகவே தக்காளியைப் பொறுக்கிப் போட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் வாரத்தில் ஆறு நாள் பூமிக்கடியில் இருந்தார்.

பெங்களூரில் பாதாள ரயில் நிலையம் ஒன்று கட்டினார்கள். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை. இன்று ஜனங்கள் தினமும் ஏறி இறங்குகிற இடம், அதன் தலையில் எதற்குப் பழி. அங்கே கம்பி கட்டும் ஆளாகச் சேர்ந்து ஃபோர்மேன் வரைக்கும் வந்தவர் அவர். சொந்த ஊர் ஹனூர் பக்கம். நான் கொள்ளேகால்காரி. கல்யாணமானதிலிருந்து தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கிறோம். ஓர் அறை, சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. திங்கட்கிழமை விடியலில் ரயிலேறினால் அவர் திரும்பி வருவது சனிக்கிழமை சாயங்காலம். நடுவில் போன்தான். அந்தப் போனும் பகல் முழுக்க, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கன்னடத்தில் ஒரு பெண் குரலில் சொல்லிக்கொண்டிருக்கும்.

"உள்ளுக்குள்ள சிக்னல் எடுக்காது புள்ள" என்பார்.

எந்த உள்ளே, எவ்வளவு உள்ளே என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பகலெல்லாம் கிடைக்காத ஓர் ஆணைப் பற்றி எங்கள் தொழிற்சாலைக் கேண்டீனில் என்னென்ன கதை சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் பாதிக் கதையை நானே சொல்லியிருக்கிறேன்.

தொழிற்சாலையிலிருந்து வீணாய்ப்போன பேட்டர்ன் காகிதம் கொண்டுவருவேன். பழுப்பு நிறத்தில் நல்ல அகலமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை தோசை முடிந்ததும் அதைத் தரையில் விரித்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியை அவர் கையில் கொடுப்பேன். "உங்க ஸ்டேசனை வரைஞ்சு காட்டுங்க." தன் வேலையில் மனைவிக்கு இத்தனை ஆர்வமா என்று அவருக்கு ஒரே பூரிப்பு. நான் செய்துகொண்டிருந்தது குறுக்கு விசாரணை. பாவம், அவர் சந்தோஷப்பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அந்த நிலையத்தின் பூர்வகதை எனக்குத் தெரிய வந்தது. அந்த இடம் முன்பு மைதானம். அதற்கும் முன்னால் ஏரி. ஏரியை மண் கொட்டி மூடி, அதன் மேல் கிரிக்கெட் ஆடி, பொருட்காட்சி நடத்தி, சர்க்கஸ் கூடாரம் போட்டு, அடியில் தண்ணீர் இருந்ததையே ஊர் மறந்துவிட்டது. பிறகு ஒருநாள் தகரத்தால் வேலி கட்டிவிட்டு இவர்கள் போய் இறங்கினார்கள். முதலில் பூமிக்குள் சுவர் கட்டினார்களாம்.

"பள்ளமே தோண்டாம சுவர் எப்படிக் கட்டுவீங்க?" என்று மடக்கினேன்.

ஒல்லியாக, ஆழமாக ஒரு வெட்டு வெட்டுவார்களாம். பக்கத்து மண் சரிந்துவிடாமல் இருக்க அதில் களிக்குழம்பை ஊற்றி நிரப்புவார்களாம். குழம்புக்குள்ளேயே கம்பிக்கூட்டை இறக்கி, அடியிலிருந்து கான்கிரீட்டை விட விட, குழம்பு மேலே வழிந்து வெளியே வந்துவிடும். இப்படி நாலு பக்கமும் சுவர் முடிந்ததும், கூரையைப் போட்டார்கள். கூரைக்குக் கீழே இருந்த மண்ணை அள்ளி நடு மாடி போட்டார்கள். அதற்கும் கீழே அள்ளி, கடைசியாகத் தரை போட்டார்கள். கூரையை முதலிலும் தரையைக் கடைசியிலும் போடுகிறவர்களை எந்த நம்பிக்கையில் நம்புவது என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இடத்தின் அமைப்பு எனக்கு மனப்பாடம். நீளம், நம் தேவராஜ மார்க்கெட்டின் இந்த வாசலிலிருந்து அந்த வாசல் வரை நடக்கிற அளவு இருக்கும் என்றார். ரோட்டிலிருந்து படி இறங்கினால் நடு மாடி. டிக்கெட் கொடுப்பதும் பை சோதிப்பதும் அங்கே. அதற்கும் கீழே பிளாட்பாரம், நட்டநடுவில் ஒன்றே ஒன்று, இரண்டு பக்கமும் தண்டவாளம். கிழக்கு முனையிலும் மேற்கு முனையிலும் சுரங்க வாய்கள், இரண்டிரண்டு. ஜோடிச் சுரங்கங்களுக்கு நடுவே, ஒன்றில் ஆபத்து என்றால் மற்றொன்றுக்கு ஓட ஒரு குறுக்கு வழி. மேற்கு முனையில், தரைக்கும் கீழே ஒரு பெரிய குழி. சுவரோரமாகக் கசிகிற தண்ணீரெல்லாம் அதில் வந்து சேரும், பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மூடிய ஏரியின் தண்ணீர் என்று அவர் சொன்னார். இத்தனை வருடம் கழித்துமா என்று நான் கேட்டேன்.

படங்களையெல்லாம் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். இந்த வாரப் படத்தைப் போன வாரப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேற்கு முனையில் ஒரு புதிய கோடு கண்ணில் பட்டது.

"இது எப்ப வந்துச்சுங்க?"

"எது?"

"இந்தப் படி. போன வாரம் இல்லீங்களே."

"காத்து வர்றதுக்கு மேக்கால ஒரு பொந்து விட்டிருக்குதல்லொ, அதுக்குள்ள இரும்புப் படி கட்டியாச்சு. ஆத்திர அவசரத்துக்கு ஏறி வர."

"அப்ப உள்ள போறதுக்கு ஒரு வழி, வெளிய வர்றதுக்கு இன்னொரு வழி."

"ஏம் புள்ள, இதுலயுமா?"

"ரெண்டு வழி இருந்தா யாரு உள்ள இருக்கறாங்க, யாரு கிளம்பிப் போயிட்டாங்கன்னு எப்படிங்க தெரியும்?"

அப்போதுதான் டோக்கன் பலகையைப் பற்றிச் சொன்னார். கிழக்கு வாசலில் இரண்டு பலகைகள், ஒன்றில் 'உள்ளே', மற்றதில் 'வெளியே' என்று எழுதியிருக்கும். ஒவ்வோர் ஆளுக்கும் நம்பர் போட்ட ஒரு டோக்கன். இவருடையது அறுபத்தேழு. இறங்கும்போது டோக்கனை 'வெளியே' பலகையிலிருந்து எடுத்து 'உள்ளே' பலகையில் மாட்ட வேண்டும். ஏறி வந்ததும் திரும்ப மாற்ற வேண்டும். மேற்குப் படி வழியாக ஏறி வந்தாலும் மேலே சுற்றி நடந்து போய்ப் பலகையில் மாற்றிவிட்டுத்தான் போகலாம். 'உள்ளே' பலகையில் ஒரு டோக்கன் தொங்கினால், அந்த ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவனைக் கண்டுபிடிக்காமல் வேலை நடக்காது. பலகைக்குக் காவலாக கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். டோக்கன் மாட்டாமல் பெரிய என்ஜினியரையே உள்ளே விடமாட்டாராம். ஷிப்ட் முடிந்ததும் கொக்கி கொக்கியாக விரல் வைத்துத் தொட்டுப் பார்ப்பாராம். யாருடைய வாய்ச்சொல்லையும் நம்பாத அந்த மனிதரை எனக்குப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

இனி ஞாயிற்றுக்கிழமைப் போன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாரக் கடைசியில் திடீரென்று கான்கிரீட் போட முடிவு செய்தால், ஊருக்குப் போன ஆட்களைத் திருப்பிக் கூப்பிடுவார்கள். மண்டியா, மைசூர், ஹனூர் என்று வீடு வந்து சேர்ந்தவன் சட்டையைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும். அதனால் எல்லாரும் ரயிலேறியதுமே போனை அணைத்துவிடுவார்கள். உடனே வேலையிடத்திலிருந்து வீட்டுப் பெண்களின் நம்பருக்கு அடிக்கத் தொடங்கினார்கள். அதற்கும் எங்களிடம் மருந்து இருந்தது. "இன்னும் வரல சார்." எல்லா வீட்டிலும் இதே பதில்தான். ஒருத்தி, கணவர் மாதேஸ்வரன் மலைக்குப் போயிருக்கிறார், அங்கே சிக்னல் கிடைக்காது என்பாள். ஒரே மனிதர் மாதத்தில் நாலு தடவை மலைக்குப் போனதாகவும் கேள்வி. எங்களில் நான்தான் கெட்டிக்காரி. சட்டையில் எங்கே குறை இருக்கும் என்று தெரிந்தவளுக்குப் பொய்யில் எங்கே பிசிறு இருக்கும் என்றும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கத்துக்குக் கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டார். சீக்கிர ரயிலைப் பிடித்துவிட்டேன் என்றார். ஏன் சீக்கிரம் என்று கேட்டேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற பஸ் சரியான நேரத்தில் கிடைத்தது என்றார். எந்த இடத்தில் ஏறினீர்கள் என்று கேட்டேன். "மொதல்ல குளிச்சிட்டு வந்தர்றேன், அப்புறம் கோர்ட்டுல ஏத்து" என்று துண்டை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்போது என் போன் அடித்தது. வெளியே இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது.

வேலையிடத்துப் பாதுகாப்பு அதிகாரி. இதற்கு முன் அவர் என்னிடம் பேசியதில்லை. பெயரைச் சொல்லி, மெதுவாக, கன்னடத்தில் கேட்டார்.

"மனெகே பந்த்ராம்மா?"

வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று கேட்பதில் எதற்கு இத்தனை பணிவு? வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் அதட்டுவார்கள், "வந்தா உடனே பேசச் சொல்லு" என்று வைத்துவிடுவார்கள். இந்தக் குரலில் தேன் ஒழுகியது. அதட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை, இப்போது கொஞ்சிப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். தண்ணீர்ச் சத்தம் போனில் கேட்டுவிடக் கூடாதென்று ஒரு கையால் போனைப் பொத்திக்கொண்டு மாடிப்படிக்கு வந்து நின்றேன்.

"பந்தில்ல சார்."

"கண்டிப்பாக வரவில்லையா அம்மா? போன் ஏதாவது செய்தாரா?"

இரண்டாவது தடவை கேட்டதும் எனக்கு வீம்பு ஏறிவிட்டது. வெறும் 'வரவில்லை' இவருக்குப் போதாது, பொய்க்கு நல்ல ஃபினிஷிங் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. குரலைக் கொஞ்சம் தழைத்துக்கொண்டேன். இல்லை சார், காலையிலிருந்து போனே எடுக்கவில்லை, இப்படி ஒருநாளும் செய்யமாட்டார், எனக்குப் பயமாக இருக்கிறது சார் என்றேன். கடைசி வார்த்தையில் குரல் உடைந்த மாதிரிகூடச் செய்தேன்.

பிறகு "பயப்படாதீர்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் வெற்றியோடு உள்ளே வந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன்.

சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அவரிடம் சொன்னேன். அதையும் உடனே சொல்லவில்லை, இரண்டாவது சப்பாத்தி போடும்போது, ஒரு சாமர்த்தியத்தைச் சொல்கிற மாதிரி, குரலை எப்படித் தழைத்தேன் என்று நடித்தே காட்டினேன். அவர் கையில் இருந்த சப்பாத்தித் துண்டு தட்டிலேயே விழுந்தது.

"கூப்புட்டது யாரு, சேஃப்டி ஆபீசரா?"

"ஆமாங்க. கொழைஞ்சு கொழைஞ்சு..."

"வேலைக்கு வரச் சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். வேலையைப் பற்றி அந்த ஆள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அவர் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். "டோக்கன் மாத்தல புள்ள" என்றார். "மேக்கால படியேறி வந்தேன். அந்தப் பக்கத்துக் கேட்டுக்கு நேரா பஸ் நின்னுச்சு. சுத்திப் போயி மாத்தோணும்னு நெனைச்சேன், பஸ் கெளம்பிருச்சு, ஏறிட்டேன்."

அறுபத்தேழு அங்கே 'உள்ளே' பலகையில் தொங்கிக்கொண்டிருந்தது. மதியம் ஷிப்ட் முடிந்ததிலிருந்து அவரைத் தேடியிருக்கிறார்கள். ஆட்கள் தங்குகிற ஷெட்டில் தேடி, பக்கத்துக் கடைகளில் தேடி, போன் அணைந்திருப்பதைப் பார்த்து, கடைசியாக, ஊருக்கு ஓடிப்போயிருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டே எனக்கு அடித்திருக்கிறார்கள். மனைவியைக் கலவரப்படுத்தக் கூடாதென்று காரணத்தைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் அந்த மனிதர். அந்த நல்ல குணத்தைத்தான் நான் தேன் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் தன் போனை உயிர்ப்பித்து அந்த அதிகாரியைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் "சார் நான்தான்" என்றதும் அந்தப் பக்கத்தில் யாரோ கத்தினார்கள், அதை இன்னொருவர் வாங்கிக் கத்தினார், "சிக்கிதா, சிக்கிதா" என்று கன்னடத்தில் குரல்கள் பரவிக்கொண்டே போயின. கிடைத்துவிட்டான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்தார்.

நான் பயமாக இருக்கிறது என்று சொன்ன பிறகுதான், கீழேதான் இருக்கிறான் என்று அவர்கள் முடிவே செய்திருக்கிறார்கள். சுரங்கம் சுரங்கமாக ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். மேற்கு முனைக் குழியில் தண்ணீரை வற்ற இறைத்துப் பார்த்திருக்கிறார்கள், உடல் கிடக்குமோ என்று. பலகைக்காரப் பெரியவர் அந்தக் குழி விளிம்பில் டார்ச்சோடு நின்று எட்டிப் பார்த்தவர், களிமண்ணில் வழுக்கி உள்ளே விழுந்து, தொடை எலும்பு முறிந்துவிட்டது. பெல்ட் கட்டி அவரை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் இவருடைய போன் போயிருக்கிறது.

மறுநாள் காலை முதல் ரயிலில் அவர் போனார். நானும் வருகிறேன், ஆஸ்பத்திரியில் அந்தப் பெரியவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "நீ வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதன் பிறகு ஒரு விசாரணை நடந்தது. இரண்டு மாதம் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு அதே தடத்தில் வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். விசாரணையில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"டோக்கன் மாத்த மறந்துட்டேன்னு சொன்னேன்."

"நான் பொய் சொன்னதை?"

"அதை யாரும் கேக்கல."

இந்தப் பதிலை நான் எத்தனை தடவை புரட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அத்தனை பேரைப் பூமிக்குள் இறக்கிய ஒரு பொய்யைப் பற்றி யாரும் கேட்கவில்லையாம். யாரிடம் காது குத்துகிறார். கேட்டிருப்பார்கள். இவர் என் தலையில் போட்டிருப்பார். என் பெண்டாட்டி வாய் கூசாமல் சொல்லிவிட்டாள் சார், நான் குளித்துக்கொண்டிருந்தேன் சார், எனக்கு ஒன்றும் தெரியாது சார். அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். சாட்சிகளும் கிடைத்துக்கொண்டே இருந்தன. ஆயுத பூஜைக்கு எல்லாரும் குடும்பத்தோடு வேலையிடத்துக்குப் போவார்கள், சாப்பாடு போடுவார்கள். அந்த வருடம் என்னை முதல்முறையாகக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தவர், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடிக்கடி பேசிக்கொண்டிருந்த மற்ற வீட்டுப் பெண்கள் போனில் இரண்டு வார்த்தையோடு முடித்துக்கொண்டார்கள். ஒருமுறை மைசூர் பஸ் ஸ்டாண்டில் அவருடன் வேலை பார்த்த ஒருவரைப் பார்த்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு எங்கோ பார்த்தபடி பேசினார்.

ஒரு மனிதரின் தொடையை முறித்தவள் என்று அவர்களுக்கெல்லாம் தெரியும் என்று நினைத்தேன். உண்மைதானே, அதில் எனக்கு வருத்தமில்லை. என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு, முகத்துக்கு நேரே இல்லை என்கிறாரே என்றுதான் ஆத்திரம். அந்த ஆத்திரத்தை நேராகச் சொல்லாமல், உப்பு அதிகம், துண்டை ஏன் கட்டிலில் போட்டீர்கள் என்று வேறு வேறு பெயர்களில் அவர்மேல் கொட்டினேன். அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பேட்டர்ன் காகிதத்தை நான் விரிக்கவும் இல்லை, அவர் வரையவும் இல்லை. தனியாக இருக்கும்போது அந்தப் பெரியவரை நினைத்து அழுவேன். எனக்கு அவருடைய முகம்கூடத் தெரியாது.

நிலையம் திறந்து கொஞ்ச நாள் கழித்து, பெங்களூரில் அவருடைய சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆட்டோவில் போகலாம் என்றார். எதற்கு, நீங்கள் கட்டினதுதானே, அதிலேயே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், அங்கே எனக்குத் தெரியக் கூடாத ஏதோ இருக்கிறது என்று என் மூக்கில் வியர்த்துவிட்டது.

படியிறங்கினோம். சாக்கட்டியால் பார்த்த இடத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது விசித்திரமாக இருந்தது. எல்லாம் அவர் வரைந்தபடியே இருந்தது. கோடு பிசகவில்லை. நடு மாடியில் பைகளைச் சோதிக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில், நீலச் சீருடை போட்ட வயதான காவலாளி ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தார். இவரைப் பார்த்ததும் கையை ஊன்றி எழுந்தார்.

"அட, அறுபத்தேழு!"

யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்லா இருக்கீங்களாண்ணா, கால் எப்படி இருக்குது என்று விசாரித்தார். பழைய வேலைக்கு முடியாமல் போனதும் இங்கே உட்கார்த்தியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்காது என்று நினைத்துக் கேட்டார்.

"இது மைசூர் வீடா?"

"ஆமாங்ணா." இவர் முகம் கறுத்துவிட்டது.

மைசூர் வீடு என்றால் இன்னொரு வீடு எங்கே? உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நொடியில் எனக்கு வந்தது துக்கம் இல்லை. பிடித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் வந்தது. கிடைக்காத போன்கள், இரண்டாவது படி, ஆயுத பூஜை எல்லாம் சட்டென்று ஒரே வரிசையில் வந்து நின்றன.

பெரியவர் என்னிடம் திரும்பினார். கை கூப்பினார்.

"மனசுல வெச்சுக்காதீங்கம்மா. எல்லாத்தையும் மறந்துட்டு இவரோட குடும்பம் நடத்துறீங்களே, அதுவே பெரிய விஷயம். அன்னிக்கு விசாரணையில எனக்கே இவரை அறையணும் போல இருந்துச்சு. 'நான் வீட்டுக்குப் போகல சார், வேற ஒரு எடத்துல இருந்தேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னார். எந்த எடம்யான்னு ஆபீசர் நாலு தடவை கேட்டார். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னார். எங்களுக்குப் புரியாதா? அன்னியோட எல்லாரும் இவர்கிட்ட பேச்சைக் குறைச்சுக்கிட்டோம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்த யாருடைய பையையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குரலை நானும் கேட்டேம்மா" என்றார் பெரியவர். "ஸ்பீக்கர்லதான் போட்டிருந்தாங்க. போன் எடுக்கல, பயமா இருக்குன்னீங்க. அதைக் கேட்டதுக்கப்புறம் என்னால மேல நிக்க முடியல. வயசான ஆளு, நீ எறங்காதேன்னுதான் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

இத்தனை வருடம் இந்த மனிதரிடம் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அதைப் பார்க்கிற நிலையில் நான் இல்லை.

"ஐயா, அன்னிக்கு இவரு வீட்லதானுங்க இருந்தாரு. குளிச்சிட்டு இருந்தாரு. ஞாயித்துக்கிழமை வேலைக்குக் கூப்பிடறாங்கன்னு நெனைச்சு நான்தானுங்க பொய் சொன்னேன். பயமா இருக்குதுன்னு சொன்னதும் நடிப்புங்க. உங்க கால் என்னாலதானுங்க போச்சு. என்னை மன்னிச்சிருங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார், திட்டுவார், ஏன், கை ஓங்கினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"விடுங்கம்மா. புருசனை விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு உங்க மேலயே பழியைப் போட்டுக்கறீங்க. அது தெரியாதவனா நான்?"

"சத்தியமாங்க. கேளுங்க இவரை. சொல்லுங்களேன் நீங்க."

இவர் வாய் திறப்பதற்குள் பெரியவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அவர் என்ன சொல்றது? எத்தனை பேர் பொய்யைக் கேட்டவன் நான், ஒருத்தரை நம்பினதில்ல. அன்னிக்கு அந்தப் போன்ல வந்த குரல் பொய் இல்லம்மா."

பிறகு அவர் இவருடைய தோளில் கை வைத்தார். "தங்கமான பொம்பளை கெடைச்சிருக்கு. இனிமேலாவது ஒழுங்கா வீட்டுக்குப் போற வழியைப் பாரு."

"சரிங்ணா" என்றார் இவர், தலையைக் குனிந்துகொண்டு.